ஆர்மோனியமும் ஆர்கனும், நானும் எச்.எம். சாரும்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பேசியபடியே தந்திருக்கிறேன்.)



மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. 36 வருஷம் வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து "அடுத்தவங்க வாங்க" என்று சொன்னதுதான் நான் பேசிய பேச்சு. ஆர்மோனியத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள் என்று தலைவர் சொன்னார். ஆர்மோனியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எச்.எம். சாரைப் பற்றிப் பேசாமல் முடியாது. அவரைப் பற்றிப் பேசினால் எங்கள் சண்டையைப் பற்றியும் பேச வேண்டும். "தாராளமாப் பேசுங்க, ஆனா கூட்டாமக் குறைக்காமப் பேசணும்" என்று அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். அதோ, மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தப்பாகச் சொன்னால் எழுந்து திருத்துவார். தலைமையாசிரியராக இருந்தவர், அந்தப் பழக்கம் போகவில்லை.

முதலில் இந்த இரண்டு பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னது என் அப்பாவுடைய ஆர்மோனியம். கும்பகோணத்துப் பக்கம் எங்கள் தெருவில் மார்கழி பஜனைக்கு அப்பா வாசிப்பார். மூன்றரை ஸ்தாயி. ஒரு கையால் துருத்தி, மறு கையால் கட்டை. பெரியது எச்.எம். சாருடையது, கால் ஆர்கன். இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாசிக்கலாம். கால்களை மடக்கிவிட்டால் ஒரு பெட்டி போல ஆகிவிடும். அந்தக் காலத்துப் பாதிரியார்கள் ஊர் ஊராகத் தூக்கிப் போவதற்காகச் செய்த வகை. திருநெல்வேலிப் பக்கம் அவர் ஊர்க் கோயிலில் கிடந்து, பழசு என்று ஒதுக்கியபோது, காணிக்கை கொடுத்து வாங்கி வந்தார்.

இரண்டும் ஒரே குடும்பம். உள்ளே பித்தளை ரீடுகள். காற்று போகும்போது அந்த நாக்கு துடிக்கிறது, அதுதான் சத்தம். ஆர்மோனியம் என்ற பெயரில் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் பாரிஸில் இருந்த அலெக்சாந்தர் தெபேன், 1842இல். பெரிய குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சின்னக் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் இது போயிற்று. பாதிரியார்களோடு கப்பலேறி இங்கே வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர், தரையில் உட்கார்ந்து வாசிக்கிற நம் ஆட்களுக்குக் கால் மிதி எதற்கு என்று யோசித்து, துருத்தியைப் பின்பக்கம் வைத்துக் கையால் அமுக்குகிற மாதிரி செய்தார். அதற்குப் பிறகு அது பஜனை மடத்துக்கு வந்தது, நாடகக் கொட்டகைக்கு வந்தது. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர்தான் ஆர்மோனியம். ஆக, என் அப்பா மார்கழியில் பெருமாளுக்கு வாசித்த பெட்டியின் பாட்டன் பூட்டன் எல்லாம் மாதா கோயிலில் இருந்தவர்கள்! இதை எச்.எம். சார் முதன்முதலில் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இன்னொரு சங்கதி. என் பெட்டி காற்றை உள்ளே சேர்த்து, ரீடு வழியாக வெளியே தள்ளும். அவருடையது காற்றை ரீடு வழியாக உள்ளே இழுக்கும். மூச்சு விட்டுப் பாடுவது ஒன்று, மூச்சு இழுத்துப் பாடுவது இன்னொன்று. அதனால்தான் அவருடையதில் சத்தம் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். என்னுடையது கணீரென்று தெருமுனை வரைக்கும் கேட்கும். பி பிளாக்காருக்கு இது நன்றாகவே தெரியும்.

நாங்கள் பழகியது அப்படித்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம் நான் வாசித்துக்கொண்டிருந்தேன். மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து கதவைத் தட்டினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "சார், உங்க மத்திம ரீடுல தூசி அடைச்சிருக்கு, திறங்க பாப்போம்" என்றார். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி வரை இரண்டு பேரும் ஒவ்வொரு ரீடாகக் கழற்றித் துடைத்தோம். மறுவாரம் நான் அவர் வீட்டுக்குப் போய் ஆர்கனைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஞாயிறு மாலை என்றால் ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே.

சேர்ந்து வாசிக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. நாம் ஆறு கட்டை என்று சொல்கிற சுரம் இன்று உலகம் முழுக்க நொடிக்கு 440 அதிர்வு. 1939இல் பல நாட்டார் கூடி ஒப்புக்கொண்ட கணக்கு அது. அதற்கு முன்னால் வேறு வேறு கணக்கு. பிரான்சில் 1859இல் 435 என்று சட்டமே போட்டார்கள். என் பேத்தி தன் போனில் வைத்துப் பார்த்தாள். என்னுடையது 440, அவருடையது 435 பக்கம். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நொடிக்கு ஐந்து தடவை 'வவ் வவ்' என்று ஓர் அலை எழும்.

ரீடைச் சுரண்டினால் சரியாகும். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஆனால் சுரண்டிய பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது. யார் பெட்டியைச் சுரண்டுவது? அப்பாவின் பெட்டியைத் தொட விடமாட்டேன் என்றேன் நான். நூறு வருஷமாக இப்படியே பாடிய பெட்டி இது என்றார் அவர். விஷயம் அங்கேயே நின்றது.

பிறகு அவரே சொன்னார். பெரிய ஆர்கன்களில் ஒரு வரிசைக் குழாயை வேண்டுமென்றே துளி சுருதி விலக்கி வைப்பார்களாம். மற்ற வரிசையோடு சேர்த்து வாசிக்கும்போது அந்த அலை எழும்புவதற்காகவே அப்படி. அதற்குப் பெயர் 'வோ செலஸ்ட்', வானத்துக் குரல் என்று அர்த்தம். "நமக்கு அது செலவில்லாமக் கிடைச்சிருக்கு சார்" என்றார். மெதுவான பாட்டில் அது உண்மையிலேயே நன்றாக இருக்கும். வேகமான பாட்டில் காது வலிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாசித்து முடித்துக் காப்பி வந்ததும் பேச்சு ஆரம்பமாகும். பேச்சு என்று நான் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரி அதைச் சண்டை என்பாள்.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு வினைப்பயன் என்பது லெட்ஜர் மாதிரி. பற்று, வரவு, மீதி. செய்ததற்கு உண்டான பலன் இந்த ஜென்மத்தில் இல்லாவிட்டால் அடுத்ததில், மீதி முன்கொண்டு போகும். அவர் சொல்வது கிருபை. கடனைத் தீர்க்க உன்னால் முடியாது, அதனால் தள்ளுபடி செய்யப்பட்டது என்கிறார். வங்கிக்காரனிடம் கடன் தள்ளுபடியைப் பற்றிச் சொன்னால் விடுவேனா? "சார், ஒரு தள்ளுபடி அறிவிச்சா, ஒழுங்காக் கட்டினவன் முகம் எப்படி இருக்கும்னு நான் கவுன்ட்டர்ல உட்கார்ந்து பார்த்திருக்கேன்" என்றேன்.

அதற்கு அவர் திராட்சைத் தோட்டக் கதையைச் சொன்னார். ஒரு தோட்டக்காரர் காலையில் சில பேரைக் கூலிக்கு அழைக்கிறார். நடுப்பகலில் சில பேர். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது இன்னும் சில பேர். சாயங்காலம் எல்லோருக்கும் ஒரே கூலி. நான் தொழிற்சங்கத்தில் இருந்தவன். "இது அநியாயம் சார், எந்த யூனியனும் இதுக்கு ஒத்துக்காது" என்று கத்திவிட்டேன். சத்தம் கேட்டு எதிர் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

எச்.எம். சார் நிதானமாகக் கேட்டார். "காலையிலே வேலை கிடைச்சவனுக்கு, இன்னைக்குக் கூலி உண்டுங்கிற நிம்மதி பகல் பூரா இருந்துச்சு. கடைசி மணி வரைக்கும் சந்தையிலே நின்னவனுக்குப் பகல் பூராப் பயம், இன்னைக்குப் பிள்ளைகளுக்கு என்ன கொண்டுபோவோம்னு. அந்தப் பயத்துக்கு எவ்வளவு கூலி போடுவீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. வேலை கிடைக்காமல் நான் திரிந்த இரண்டு வருஷம் ஞாபகம் வந்தது.

நானும் சும்மா விடவில்லை. "இயேசு பேரையே காதால கேக்காம எங்க பாட்டி செத்துப்போனா. சாப்பிடறதுக்கு முன்னால காக்காய்க்கும் பிச்சைக்காரனுக்கும் எடுத்து வைப்பா. அவளுக்கு உங்க கணக்குல எங்கே இடம்?" என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "தெரியலை சார். ஆனா எனக்குத் தெரிஞ்ச கடவுள், உங்க பாட்டியைவிட இரக்கம் குறைஞ்சவரா இருக்க முடியாது" என்றார். சபையில் அவர் இப்படிச் சொன்னால் சில பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். அதையும் அவரே சொன்னார்.

ஏ பிளாக் மாமி ஒருநாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சிரித்தார். "இது என்ன புதுச் சண்டையா? எங்காத்துலயே நூத்துக்கணக்கான வருஷமா நடக்கறது" என்றார். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது வடகலை. பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும், அது தென்கலை. மனுஷன் முயற்சியா, பகவான் அருளா என்பது அங்கேயும் தீரவில்லை. அன்றைக்கு எச்.எம். சார் பூனைக் கட்சியில் சேர்ந்துகொண்டார், நான் குரங்குக் கட்சி. இப்படி நாலு வருஷத்துக்கு மேல் ஓடியது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி.

இரண்டு வருஷத்துக்கு முந்தி ஆகஸ்டில் அவருடைய ஆர்கனில் துருத்தித் துணி கிழிந்துவிட்டது. நான் ஒட்டித் தருகிறேன் என்று என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை அழுத்தினால் எழுந்திருக்காமல் சிக்கிக்கொண்டது. அதை அவர் எடுத்துப் போனார். வங்கி பாஷையில், ஒருவர் நகை இன்னொருவர் வீட்டில் அடமானம், வட்டி இல்லாமல்.

செப்டம்பரில் என் மனைவிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பைபாஸ் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் கீழே பணம் கட்டிவிட்டு மேலே வந்தேன். வார்டில் எச்.எம். சார் கட்டில் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று ஜெபம் செய்துகொண்டிருந்தார். அவளும் கண்ணை மூடியிருந்தாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வராந்தாவுக்கு அவரைக் கூப்பிட்டேன். நர்ஸ், மற்ற நோயாளிகளின் உறவுக்காரர்கள் எல்லோரும் பார்க்க, "எங்க வீட்டுல ஆள் பிடிக்க உங்களுக்கு இதுதான் நேரமா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல், படி வழியாக இறங்கிப் போனார். எழுபது வயசுக்காரர். நாலு மாடி.

ஆண்டவன் புண்ணியத்தில் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அவள் வீட்டுக்கு வந்தாள். அவர் வீட்டு அம்மா கஞ்சி, பத்திய ரசம் என்று கொடுத்து அனுப்புவார். அவர் வரவில்லை. "என்ன, எச்.எம். சாரைக் காணோம்?" என்று மனைவி கேட்டால், "ஊருக்குப் போயிருக்காராம்" என்று பொய் சொன்னேன். லிஃப்டில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்போம். ஆர்கன் எங்கள் ஹாலில் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு கிடந்தது. துருத்தியை ஒட்டி முடித்துவிட்டேன், ஆனால் கொண்டுபோய்க் கொடுக்க மனசு வரவில்லை. அவரே வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். வெட்கம்தான், வீம்பு மாதிரி நடித்தது.

டிசம்பர் வந்தது. உங்களுக்கே தெரியும், மார்கழியும் கிறிஸ்துமஸும் நம் ஊரில் கையைக் கோத்துக்கொண்டு வரும். பஜனைக்கு எனக்கு ஆர்மோனியம் வேண்டும். கேரல்ஸ் ஒத்திகைக்கு அவருக்கு ஆர்கன் வேண்டும். மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் செக்யூரிட்டி தம்பி என் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். சிக்கிய கட்டைகள் சரியாகியிருந்தன. எல்லா ரீடும் துடைத்திருந்தது. கேட்காமலே, முதலில் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

"மேல் வீட்டுலேருந்து ஒரு பெட்டி வர்றதுக்கு செக்யூரிட்டி எதுக்கு?" என்று மனைவி கேட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வார்த்தை உட்பட.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நான்தாங்க அவரைக் கூப்பிட்டேன்" என்றாள். "ராத்திரி பூராப் பயமா இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா நீங்களும் பயந்துடுவீங்க. அவருக்குப் போன் பண்ணினேன். எனக்காக வேண்டிக்குங்க, நான் பயந்தேன்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். என் கையில வைத்தீஸ்வரன் கோயில் விபூதிப் பொட்டலமும் இருந்துச்சே, நீங்க பார்க்கலையா?"

நான் பார்க்கவில்லை. மூன்று மாசமாக அந்த மனுஷர் தன் மேல் விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ள ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். என் மனைவிக்குக் கொடுத்த வாக்குக்காகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, மார்கழி முதல் தேதி, ஆர்கனை நானும் என் மகனும் தூக்கிக்கொண்டு மேலே போனோம். அந்த அம்மா கதவைத் திறந்தார். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்குங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் எழுந்து வந்து துருத்தியைத் தடவிப் பார்த்தார். "எதை வச்சு ஒட்டினீங்க?" "வச்சிரம்." "நல்லது. பின்னாலே பிரிக்க வேண்டியிருந்தாலும் பிரிக்கலாம்" என்றார். பிறகு உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். காற்று நின்றது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். "நானும் முழுக்க நிரபராதி இல்லை சார். அவங்க கூப்பிட்டுத்தான் வந்தேன், வாஸ்தவம். ஆனா ஜெபம் பண்ணும்போது உள்ளுக்குள்ளே ஒரு ஆசை இருந்துச்சு, இந்த வழியிலே அவங்க ஆண்டவரை அறிஞ்சுக்கிட்டா நல்லதுன்னு. பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் பெரிசாக் கிடைச்ச ஒண்ணு உங்களுக்கும் கிடைக்கணும்னு நினைக்கலைன்னா நான் என்ன சிநேகிதன்? ஆனா நோயாளி படுக்கை அதுக்கு இடம் இல்லை. அதனாலேதான் நீங்க சொன்னது எனக்கு அவ்வளவு வலிச்சுது."

ஐயா, இந்த மாதிரி ஒரு வாக்குமூலத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. "எல்லாச் சாமியும் ஒண்ணுதான்" என்று சொல்லி அவர் தப்பித்திருக்கலாம். நானும் தலையாட்டியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லாததால்தான் அவரை நம்புகிறேன்.

அன்றைக்கே மூன்று விதிகள் போட்டோம். ஒன்று, அடுத்தவர் சமயத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் தன் சமயத்தில் தனக்கே புரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு, நோய்ப் படுக்கை, துக்க வீடு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, இந்த மூன்று இடத்திலும் விவாதம் கூடாது. மூன்று, விவாதம் முடிந்ததும் ஒருவர் பெட்டியில் இன்னொருவர் ஒரு பாட்டு வாசித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதனால் நான் இப்போது இரண்டு பாமாலை மெட்டு வாசிப்பேன். அவர் கீர்த்தனை வாசிப்பதில் கெட்டிக்காரர், அது அவருக்குப் புதிது இல்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து, அதாவது இருநூறு வருஷமாக, தமிழ்க் கிறிஸ்தவர்கள் நம் ராகங்களில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே கோயிலில் வெள்ளைக்காரன் மெட்டில் பாமாலையும் உண்டு, நம் ராகத்தில் கீர்த்தனையும் உண்டு.

எச்.எம். சாருக்குப் பிடித்த மனிதர் ஆல்பர்ட் சுவைட்சர். ஆர்கன் வாசிப்பதில் மேதை, ஆர்கன் எப்படிச் செய்ய வேண்டும் என்று புத்தகமே எழுதியவர். கிறிஸ்தவ வேதத்தையும் கரைத்துக் குடித்தவர், வரலாற்றில் வாழ்ந்த இயேசு யார் என்று ஆராய்ந்து 1906இல் அவர் எழுதிய நூல் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. பிறகு மருத்துவம் படித்து, 1913இல் ஆப்பிரிக்காவில் லம்பரேனே என்ற இடத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனார். ஆர்கன் கச்சேரி செய்தும் அதற்குப் பணம் சேர்த்தார். பாரிஸில் இருந்த மிஷன் சங்கத்துக்கோ அவருடைய கொள்கை மேல் பயம். வைத்தியம் பார்க்கலாம், பிரசங்கம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார்கள். அவரும் ஒப்புக்கொண்டு போனார். அங்கே போய்ச் சேர்ந்து அவரோடு பழகிய மிஷனரிகள், நீங்களே பிரசங்கம் செய்யுங்கள் என்று கேட்டார்கள். தூரத்திலிருந்து கொள்கையை மட்டும் பார்த்தவர்களுக்குப் பயம். பக்கத்தில் இருந்து மனுஷரைப் பார்த்தவர்களுக்குப் பயம் இல்லை.

என் பங்குக்கு நான் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைச் சொல்வேன். பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது கூட இருந்து உதவியவர் நாவலர். தம் தமிழை அந்த வேலைக்குக் குறையில்லாமல் கொடுத்தார். தம் சமயத்தையும் விடவில்லை. 1848இல் அந்த வேலையை விட்டு வெளியே வந்து, சைவத்துக்காகப் பள்ளிக்கூடம் நடத்தி, பிரசங்கம் செய்து, அச்சுக்கூடம் வைத்து, கிறிஸ்தவக் கொள்கைகளை மறுத்தும் எழுதினார். பள்ளிக்கூடம், பிரசங்கம், அச்சு எல்லாம் மிஷனரிகள் கையாண்ட கருவிகள்தான். நேர்மையான வேலையும் நேர்மையான மறுப்பும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இந்த ஹாலில் எங்கள் விவாதம் கொஞ்சம் சத்தமாகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் வருத்தப்பட்டு எழுதினார்கள். தப்பு எங்களுடையது, மன்னிக்க வேண்டும். அதைத் தொடர்ந்து, ஹாலில் சமயம் பற்றிய பேச்சே கூடாது என்று ஒரு தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. அந்தத் தீர்மானத்தை நான் மரியாதையோடு எதிர்க்கிறேன்.

ஒரு தடையின் கதையைச் சொல்கிறேன். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971 வரைக்கும் அது நீடித்தது. அவர்கள் சொன்ன குறை பொய் இல்லை. பன்னிரண்டு கட்டைக்குள் நம் கமகம் அடங்காது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக இதனால் முடியாது. நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தடையால் ஆர்மோனியம் போயிற்றா? பஜனையில், நாடகத்தில், சினிமாப் பாட்டு மெட்டுப் போடுகிற அறையில் எல்லாம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஆர்மோனியமே ஆகாது என்ற வித்வான்களும் தங்கள் சுருதியை ஐந்தரைக் கட்டை, ஆறு கட்டை என்றுதான் சொன்னார்கள். அந்தக் கட்டை எது? இதோ, இந்த ஆர்மோனியக் கட்டைதான். தடை போட்டதால் குறையும் தீரவில்லை, பெட்டியும் போகவில்லை.

இங்கேயும் அப்படித்தான். ஹாலில் பேசக் கூடாது என்றால் யாரும் பேசாமல் இருக்கப்போவதில்லை. அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் அவரைப் பற்றிப் பேசுவோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை, நாலு வருஷம் நேருக்கு நேர் விவாதித்ததால் வந்தது இல்லை. யார் யாரோ அனுப்பியதைப் போனில் படித்துப் படித்து உள்ளே சேர்ந்திருந்தது, பயந்த நேரத்தில் வெளியே வந்தது. எச்.எம். சாரிடமே ஒருநாள் நேராகக் கேட்டிருந்தால், "ஆமாம், ஆசை உண்டு, ஆனால் வரம்பும் உண்டு" என்று அன்றைக்கே சொல்லியிருப்பார்.

வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் பற்றும் வரவும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு அன்றைய புத்தகத்தை மூடுவோம். கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி பொய் எண் போடக் கூடாது, அது மோசடி. ஒத்துவரவில்லை என்பதற்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கவும் கூடாது. அப்படியே போட்டு மறந்துவிடவும் கூடாது, ஆடிட்டர் கேட்பார். எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் இன்றைக்கும் சஸ்பென்ஸில்தான் இருக்கிறது. என் பாட்டி கணக்கும் அங்கேதான், அவருடைய தோட்டத்துக் கூலிக் கணக்கும் அங்கேதான். ஆடிட்டர் யார் என்பதில்தான் எங்களுக்குள் விவாதமே!

அதனால் தலைவர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தடைக்குப் பதிலாக நேரத்தை வரையறுத்துக் கொடுங்கள். இரண்டாவது ஞாயிறு, மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை. ஆறரைக்கு மேல் ஒரு வார்த்தை, ஒரு சுரம் கூடாது. பரீட்சை மாதங்களில் கூட்டமே வேண்டாம். நாங்கள் போட்ட மூன்று விதிகளையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவோம். நம்பிக்கை இல்லாதவர்களும் வரலாம், அவர்களுக்கும் கேள்வி இருக்கும். விவாதம் வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்பவர்கள் ஐந்து மணிக்கே வந்துவிடுங்கள், முதல் அரைமணி பாட்டுதான்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பெட்டிகளையும் நீங்கள் தொடலாம், வாசிக்கலாம். கையைக் கழுவிவிட்டு வரவேண்டும். முறுக்குத் தின்ற கையோடு வந்தால் நானே விரட்டுவேன். உள்ளே ஒரு துணுக்கு விழுந்தால் ரீடு பேசாது. வாசித்து முடித்ததும் துருத்தியைப் பூட்டி, மேலே துணியைப் போர்த்த வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவையாவது யாராவது காற்று ஊத வேண்டும். சும்மா வைத்திருந்தால்தான் இந்தப் பெட்டிகள் கெட்டுப்போகும்.

இப்போது எச்.எம். சாரை மேடைக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் என் ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்வார். நான் அவருடைய ஆர்கனில் உட்கார்கிறேன். மெதுவான பாட்டாகத்தான் எடுத்திருக்கிறோம். இரண்டும் ஒத்துப்போகாது, முன்னாலேயே சொல்லிவிட்டேன். அந்த அலையைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.



(சி பிளாக், இரண்டாம் மாடியிலிருந்து)